ஹீட்டர் சுவிட்சில் கை வைத்தேன்

குவைத்தில் எனக்கு இது முதல் கோடை. அப்பாசியாவில் செல்வி அக்கா வீட்டில் ஓர் அறையில் தங்கியிருக்கிறேன்.

மதியம் கரண்ட் தேவை அதிகம், தண்ணீர் ஹீட்டரை அதிகாலையிலேயே போட்டு அணைத்துவிடுங்கள் என்று ஆன்லைனில் படித்தேன். அக்கா தன் கைக்குழந்தையை மதியம்தான் குளிப்பாட்டுவார், அதுவும் ஹீட்டரிலிருந்து வரும் சிவப்புக் குழாயில் தண்ணீர் பிடித்து. ஹீட்டரைப் போடவா என்று அக்காவிடம் கேட்கக் கூச்சம். உதவியாக இருக்கட்டும் என்று இன்று காலை ஹீட்டரைப் போட்டு, டூட்டிக்குக் கிளம்பும்போது அணைத்தேன். சூடு உள்ளேயே நிற்கும் அல்லவா.

ஆபீசில் பெருமையாகச் சொன்னேன். பக்கத்து சீட் பாத்திமாவின் முகம் மாறியது.

"அடியே, வெயில் காலத்துல மாடித் தொட்டித் தண்ணிதான் கொதிக்கும். ஆஃப் பண்ணி வச்ச ஹீட்டர்லதான் தண்ணி ஆறிக் கிடக்கும். இப்ப எல்லாருக்கும் சிவப்புக் குழாய்தான் பச்சத்தண்ணி. உடனே போன் போடு."

போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. அது குழந்தை குளிக்கும் நேரம்.

கடைசியில் அக்காவே கூப்பிட்டார். பின்னால் குழந்தை வீறிட்டு அழுதது.

"பசிக்கு அழுவுறான். எப்பவும் தண்ணில என் கையத்தான் மொதல்ல நீட்டிப் பாப்பேன். கை செவந்து போச்சு. ஹீட்டரப் போட்ட மகராசி நீதானா?"

"ஆமாக்கா."

"வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

டூட்டி முடிந்தும் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தீக்காயக் களிம்பு வாங்கிவிட்டேன். கூட வேறென்ன கொண்டுபோனால் கதவு திறக்கும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.