வாழவந்தி பஸ் வராத நாள்

மெடிக்கல் ஷாப் வேலைக்கு வருகிற பிள்ளைகள் முதலில் என் தப்பைத் தெரிந்துகொள்ளட்டும். ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் முப்பத்தோரு வருஷம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் நான்.

மலைக்கிராமத்துக்காரர்கள் மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர மாட்டார்கள். போன் பண்ணுவார்கள். நாங்கள் கவரில் போட்டு, பேரும் ஊரும் எழுதி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். அவருக்கு எல்லா முகமும் தெரியும், சரியான கையில் சேர்த்துவிடுவார்.

அப்போது முரளி சார் என்று ஒருவர் கடை திறந்ததும் முதல் ஆளாக வருவார். ஐம்பது வயதுக்குள்தான். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பதவியை விட்டுவிட்டு, ஏரிக்குப் பக்கத்தில் தனியாக வீடு எடுத்துத் தங்கியிருந்தார். தூக்க மாத்திரை கேட்பார். டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்பேன். போய்விடுவார், மறுநாள் மறுபடி வந்து நிற்பார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "தூங்கி என்னங்க சார் பண்ணப் போறீங்க?"

"முழிச்சிருந்து மட்டும் என்ன பண்ணப் போறேன் மேடம்? நான் எந்திரிக்கலைன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

டீ நல்லா இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்குப் பகீரென்றது.

அந்த நேரம் பார்த்து கண்டக்டர் போன் பண்ணினார். மலைக்கிராமமான வாழவந்திக்குப் போகிற பஸ் பிரேக் டவுன், வராது. மேஜைமேல் ஒரு வலிப்பு மாத்திரைப் பார்சல் இருந்தது. சேர்வராயன் என்பவரின் எட்டு வயது மகளுக்கு. ஒரு வேளைகூடத் தவறக்கூடாது.

"சார், கார் இருக்குதுங்கல்ல? இதை வாழவந்தியில குடுத்துட்டு வந்துருங்க."

"நானா?"

"வேற ஆரு இருக்கறாங்க? பேரு கவர் மேல இருக்குதுங்க."

பதினொரு மணிக்குத் திரும்பி வந்து, கொடுத்தாச்சு என்றார். எதிர் கடையில் டீ சொல்லி உட்கார்ந்தார்.

பன்னிரண்டுக்கு அந்த வலிப்புப் பாப்பாவின் அப்பா சேர்வராயன், வேலை செய்யும் எஸ்டேட்டிலிருந்து போன் பண்ணினார். "ஏனுங்க அக்கா, பஸ் வரலீங்களாமா? சாயங்காலம் போட மாத்திரை இல்லீங்க."

கவரில் நான் எழுதியது 'சேர்வராயன், வாழவந்தி', அவ்வளவுதான். சேர்வராயன் எங்கள் மலைச்சாமி. ஊருக்கு நாலு பேருக்கு அந்தப் பேர் இருக்கும். அது கண்டக்டருக்குத் தெரியும், சென்னைக்காரருக்கு எப்படித் தெரியும்?

டீக்கடைக்கு ஓடிப்போய், யாரிடம் கொடுத்தார் என்று சாரிடம் ஆள் அடையாளம் கேட்டேன்.

"வயசானவர் மேடம். பேரு கேட்டேன், சேர்வராயன்னுதான் சொன்னார்."

அந்தப் பெரியவர் கண்டக்டரிடம் பிரஷர் மாத்திரைக்குச் சொல்லிவிட்டிருந்தவர், அதை நான் இன்னும் அனுப்பியிருக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது, போனும் கிடையாது. வந்ததை அப்படியே விழுங்கிவிடுவார். அவரைத் தடுக்க, எஸ்டேட்டிலிருந்து பாப்பாவின் அப்பா நடந்து போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும்.

"தப்பு என்னுதுங்க சார்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த மூன்று மணி நேரம் நான் கும்பிடாத சாமி இல்லை. மூன்று மணிக்கு வந்தார். சட்டையெல்லாம் செம்மண். பெரியவரின் வீடு காப்பித் தோட்டத்துக்குள், காரே போகாதாம்.

"சாப்பிட்டு முடிச்சு, மாத்திரையை உள்ளங்கையில வெச்சுக்கிட்டு தண்ணிச் சொம்பைத் தேடிட்டு இருந்தார் மேடம்" என்றார். "அப்புறம் பாப்பா வீட்டைத் தேடிக் குடுத்தேன். அவ பேரு காவேரி. மருந்து அவளுக்கு, அப்பா பேரை எழுதியிருக்கீங்க. இனிமே அவ பேரை எழுதுங்க."

கோபமாகச் சொன்னார். திட்டு வாங்கிக்கொண்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

பிள்ளைகளே, மருந்து யாருக்கோ அவர் பேரையும் வீட்டு அடையாளத்தையும் கவரில் எழுதுங்கள். இன்னொன்றும் உண்டு. தூக்கம் வராததற்கு அலமாரியில் மாத்திரை இருந்தது. தான் இல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிற மனுஷருக்குக் கொடுக்க, அன்றைக்கு என்னிடம் அந்தப் பார்சல்தான் இருந்தது.

அன்றைக்குப் போகப் போன முரளி சார் படியில் நின்று கேட்டார்.

"நாளைக்கு பஸ் வருமா மேடம்?"

பஸ் ரெடியாகிவிட்டது என்று கண்டக்டர் அதற்கு முன்பே போனில் சொல்லியிருந்தார்.

"தெரியலீங்க சார்" என்றேன். "எதுக்கும் ஒம்பது மணிக்கு வந்துருங்க."