பல்பொடிக்கு ஆகாத நிலா

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாகப் போகிற ரோட்டில் ராக்கெட் படத்தை முதன்முதலில் எழுதியவன் நான்தான். வேறு யாராவது உரிமை கொண்டாடினால் நம்ப வேண்டாம். ரஷ்யாக்காரன் ஒரு உருண்டையை ஆகாயத்தில் சுற்றவிட்டான் என்று பேப்பரில் வந்த வருஷமே, ஒரு சலூன் போர்டில் அதை எழுதிக் கொடுத்தேன். பேப்பர் படத்தில் உருண்டைக்குப் பின்னால் நாலு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதை மீசை என்று நினைத்து நன்றாக முறுக்கிவிட்டேன். சலூன்காரருக்கு ரொம்பத் திருப்தி.

அதற்கப்புறம் கைக்கு ஓய்வில்லை. லாரியின் பின்கதவில் ராக்கெட், சோடாக் கம்பெனி வண்டியில் ராக்கெட், கல்யாண வளைவில் மாப்பிள்ளையும் பொண்ணும் உட்கார்ந்து போகிற ராக்கெட். கட்டுமாவடியில் ஒரு படகின் மூக்கில் ராக்கெட் எழுதப் போய், மீன் குழம்பிலேயே உடம்பு ஒரு சுற்றுப் பெருத்துத் திரும்பினேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் நான் பிரஷ்ஷை எடுத்து ஒரு ‘அ’ போட்டால் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். இப்போது சொந்தமாக அச்சகம் இருக்கிறது, மாடி வீடு இருக்கிறது. எல்லாம் இந்தக் கை சம்பாதித்தது.

கல்யாணமான புதிதில் திருமயத்தில் மெயின் ரோட்டு ஓரமாக ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். முன்பாதி பட்டறை, பின்பாதி குடித்தனம், நடுவில் ஒரு சாக்குப் படுதா. ஆள் இருக்கும்போது என் மனைவி அந்தப் படுதாவைத் தாண்டி வரமாட்டாள். சின்ன வயதில் பெரியம்மை கண்டு, அவள் முகம் முழுக்கத் தழும்பு. வாடிக்கைக்காரர் யாராவது வந்தால் படுதாவின் அடியில் ஒரு கை வந்து காப்பி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விடும். பல பேருக்கு என் மனைவி என்றால் அந்தக் கைதான்.

எனக்கு அவள் முகம் பிடிக்கும். பொண்ணு பார்க்கப் போன அன்றைக்கே பிடித்தது. சொன்னால் நம்பமாட்டாள். “படம் எழுதுறவங்க கண்ணு எதையும் அழகாத்தான் பாக்கும். ஊர்க் கண்ணு வேற” என்பாள்.

ஆள் இல்லாத நேரத்தில் பட்டறை அவளுடையதுதான். தகரத்துக்கு அடிப்பூச்சு அடிப்பாள். சாக்பொடியில் ஆளிவிதை எண்ணெய் விட்டு, சப்பாத்தி மாவு மாதிரி மக்கு பிசைந்து, தகரத்தில் உள்ள நெளிவுகளை அடைப்பாள். அவள் பிசைந்த மக்கு ஒருநாளும் வெடித்ததில்லை.

அப்போதுதான் புதுக்கோட்டையிலிருந்து பல்பொடி முதலாளி ஒருவர் வந்தார். பல்பொடி செய்கிறவருக்கு வெற்றிலைக் காவியில் பல் செங்கல் நிறம். அவருக்கு ரோட்டோரத்தில் நிறுத்த ஆள் உயரத்துக்குத் தகரப் போர்டு வேண்டும்.

“நெலாவுல ராக்கெட் எறங்குது, தம்பி. எறங்குற எடம் பூராம் வெள்ளை. நம்ம பொடியும் வெள்ளை. வெளங்குதா? போர்டு எனக்குப் புடிச்சிருச்சுன்னா அதையே சிவகாசியில குடுத்து கலர் நோட்டீஸா அடிச்சு ஊரெல்லாம் ஒட்டிருவேன். அடியில ஒம் பேரப் போட்டுக்க.”

என் பேர் அச்சில் வரப்போகிறது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயம் அமெரிக்காக்காரன் நிலாவுக்குப் பக்கத்தில் ஒரு மிஷினை அனுப்பிப் படம் பிடித்திருந்தான். டீக்கடைப் பேப்பரில் அது வந்திருந்தது. கடைக்காரரிடம் கேட்டு வெட்டிக்கொண்டு வந்தேன். எங்கே பார்த்தாலும் குழி. பெரிய குழிக்குள் சின்னக் குழி, அதன் விளிம்பில் இன்னொரு குழி. என் மனைவி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இது நெலாவாங்க?”

“நெலாதான். கிட்டப் போயிப் புடிச்சிருக்கான்.”

“இதுக்கும்ல அம்மை வார்த்திருக்கு” என்றாள். பிறகு அந்தத் துண்டுக் காகிதத்தை ஒரு விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். நான் திரும்பக் கேட்டபோதுதான் கொடுத்தாள்.

பிரஷ்ஷால் குழிகளை எழுதிப் பார்த்தேன். எட்டி நின்று பார்த்துவிட்டு, “தோசை மாதிரி இருக்குங்க” என்றாள். என்னிடம் அப்படிச் சொல்ல அந்த ஜில்லாவிலேயே வேறு ஆள் கிடையாது. எழுதியதைத் துடைத்தேன். அவள் தகரத்தைத் தரையில் கிடத்தச் சொல்லி, நிலா வட்டம் முழுக்க மக்கைக் கனமாக அப்பினாள். உள்ளே போய்க் கொட்டாங்கச்சியும் எண்ணெய்க் கிண்ணமும் எடுத்து வந்து, ஒவ்வொன்றாக அழுத்தித் திருகி எடுத்தாள். குழி விழுந்து, விளிம்பு எழுந்து நின்றது. பேப்பரில் இருந்த நிலா என் பட்டறைத் தரையில் வந்து கிடந்தது.

சின்னக் குழிகளுக்கு ஏற்ற சாமான் அகப்படவில்லை. அவள் காலில் நான் போட்ட மெட்டி இருந்தது, குமிழ் வைத்தது. கழற்றிக் கொடு என்றேன்.

“நல்லாச் சொன்னீங்க. புருசன் குத்துக்கல்லாட்டம் நிக்கையில எவ மெட்டியக் கழட்டுவா?”

என் தோளைப் பிடித்துக்கொண்டாள். புடவையைக் கொஞ்சம் தூக்கி, ஒற்றைக் காலை நீட்டி, மெட்டி விரலை மக்கில் பட்டுப் பட்டென்று ஊன்றினாள். ஓரிடத்தில் தடுமாறி, விரல் நுனிகள் அஞ்சும் பதிந்துவிட்டன. அதை அழிக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். சில வருஷம் கழித்து, நிலாவில் மனிதன் கால் வைத்துவிட்டான் என்று ரேடியோவில் சொன்னபோது ஊரே வாயைப் பிளந்தது. நான் பிளக்கவில்லை. எங்கள் வீட்டில் அது நடந்து முடிந்த கதை.

மக்கு காய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு வெள்ளையும் சாம்பலுமாக வண்ணம் பூசி நிழல் போட்டேன். நிழல் இல்லாவிட்டால் குழி ஏது? அந்தப் பெருமையை நான் விட்டுக்கொடுக்க முடியாது. முதலாளி வருகிற அன்று அவள் காலையிலேயே தலை சீவிப் பூ வைத்திருந்தாள். அவர் வந்து உட்கார்ந்ததும் படுதா விலகியது. கை மட்டும் வரவில்லை, முழு ஆளும் வந்தாள். தன் நிலாவைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று அவளுக்குக் கேட்க வேண்டும். டம்ளரோடு அவருக்குப் பின்னால் நின்றாள்.

முதலாளி போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னப்பா இது?”

“நெலா, மொதலாளி.”

“சொத்தப் பல்லு மாதிரில இருக்கு. இதப் பாத்துட்டு எவன் எம் பொடிய வாங்குவான்?”

“பேப்பர்ல அப்படித்தான் வந்திருக்குங்க.”

“பேப்பர்காரன் என்ன பல்பொடியா விக்கிறான்? அம்மை விழுந்த மூஞ்சியக் காட்டி யாவாரம் பண்ண முடியுமாப்பா? மழமழன்னு பண்ணிக் குடு.”

சொல்லிவிட்டுத் திரும்பினார். அவளைப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை அவர். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. டம்ளரை வாங்கிக்கொண்டு, குடிப்பதற்கு முன்னாலேயே, “சீனி சரியா இருக்கும்மா” என்றார். அவள் உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் அவளிடம் கேட்டேன், “இந்த வேலை வேண்டான்னு சொல்லிரட்டுமா?”

“பொழைக்க வந்தமா, ரோசப்பட வந்தமா? பல்பொடிக்குக் குழி ஆகாதுதான். அவரு சொன்னதுல தப்பில்ல.”

“அப்ப இத என்ன பண்ண?”

“சொரண்டிட்டு அதுலயே எழுதுங்க. தகரம் சும்மாவா வருது?” அடுப்பைப் பார்த்துக்கொண்டு, முகத்தைக் காட்டாமல் சொன்னாள்.

பட்டைக் கத்தியை எடுத்துக்கொண்டு போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அந்த அஞ்சு விரல் தடம் இருந்த இடத்தில் கை வைத்தேன். கத்தியை ஓட்டு எறவாணத்தில் செருகிவிட்டுப் போய்ப் புதுத் தகரம் வாங்கிவந்தேன். அதில் அப்பளம் மாதிரி ஒரு நிலா எழுதினேன். முதலாளி மகிழ்ந்து போனார். சிவகாசியில் அச்சாகி, அறந்தாங்கி வரைக்கும் சுவருக்குச் சுவர் ஒட்டினார்கள். அடியில் என் பேர். பஸ்ஸில் போகும்போது பக்கத்துச் சீட்டுக்காரருக்குக் காட்டாமல் நான் இறங்கியதில்லை.

ஆனால் வீட்டில் படுதா அசையவில்லை. காப்பிக்கு வருகிற கைகூட இப்போது வருவதில்லை. “காப்பி இருக்கு, வந்து எடுத்துக்கங்க” என்று உள்ளேயிருந்து குரல்தான் வரும். பட்டறையில் ஆள் இல்லாதபோதும் அவள் வரவில்லை. மக்கை நானே பிசைந்தேன். வெடித்தது.

குழி நிலாவை என் பட்டறை வாசலுக்கு மேலே, ரோட்டைப் பார்க்க ஆணியடித்து மாட்டினேன்.

“எதுக்குங்க அத ஊரு பாக்க வச்சுக்கிட்டு?”

“எங் கடை, எம் போர்டு” என்றேன்.

மாட்டிய பிறகுதான் ஒன்றைக் கண்டேன். சாயங்கால வெயில் மேற்கேயிருந்து சாய்ந்து விழும்போது ஒவ்வொரு குழியிலும் நிஜ நிழல் நிறைந்துவிடும். நான் போட்ட நிழலெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. லாரிக்காரர்கள் நிறுத்திப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் பஸ் கண்டக்டர்கள் அந்த இடத்தை “நெலாக்கடை” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். “நெலாக்கடை எறங்கு, நெலாக்கடை” என்ற சத்தம் படுதாவுக்குப் பின்னாலும் கேட்டிருக்கும். ஆனாலும் அவள் வெளியே வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் ஆவுடையார்கோவில் பக்கம் போகிற பஸ் ஒன்று என் கடைக்கு எதிரே டயர் வெடித்து நின்றது. சனமெல்லாம் இறங்கி வந்து போர்டுக்குக் கீழே நின்றது. கூடையோடு வந்த ஒரு வயசான அம்மா அண்ணாந்து பார்த்தபடி கேட்டாள்.

“ஏப்பா, இம்புட்டுக் குழியையும் நீயா போட்ட? தொட்டுப் பாக்கணும் போல இருக்கு.”

துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டேன். “தொழில்னா சும்மாவா ஆத்தா? சின்ன வயசுலேர்ந்து இந்தக் கை...”

“பொய் சொல்லாதீங்க. நாந்தானே போட்டேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். குரல் எங்கேயிருந்து வந்தது என்று தேடினார்கள். படுதா விலகியது. மாவுக் கையோடு அவள் வாசலுக்கு வந்து, வெயிலில் நின்றாள்.

அந்த அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். நிலாவைப் பார்த்தாள். மறுபடி அவள் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது உளறிவிடுவேன் என்று பயந்து நின்றேன்.

“எதால ஆத்தா போட்ட?” என்றாள் அந்த அம்மா.

“பெருசெல்லாம் கொட்டாங்கச்சி. அந்த நடுவுல உள்ளது எண்ணெக் கிண்ணம்” என்று என் மனைவி கையை நீட்டிக் காட்டினாள். “சின்னது பூராம் இது.” புடவையைத் துளி உயர்த்தி மெட்டியைக் காட்டினாள்.

“காலாலயா?” என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்த அம்மா சிரித்தாள். இன்னும் நாலு பொம்பளைகள் நெருங்கி வந்தார்கள். நான் பேசாமல் நின்றேன். அப்படி நான் நின்றது அபூர்வம்.

டயர் மாட்டி முடித்து டிரைவர் ஹாரன் அடித்தார். ஒருத்தரும் நகரவில்லை. மறுபடி அடித்தார்.

“செத்த இருங்க” என்றாள் என் மனைவி, அவரை நேராகப் பார்த்து. “கால் வச்ச எடத்த இன்னும் காட்டல.”