முனையில்லாக் கயிறு

கிணற்றுக் கயிறு எப்படி இரண்டு முழம் குறைந்தது? போன கிழமை எங்கள் வீட்டில் இதுதான் விசாரணை. மிளகாய்க் கன்றுகள் வாடி நிற்க, வாளி தண்ணீரைத் தொடாமல் அந்தரத்தில் ஆடியது. குற்றவாளி நான்தான்.

காரணம், ஒரு கிருமி.

முரசுமோட்டை வாசிகசாலையில் விஞ்ஞான மாஸ்ரர் ஒருவர் பேச வந்திருந்தார். பற்றீரியா என்ற கிருமிக்குள்ளே நிறமூர்த்தம் என்று ஓர் இழை உண்டாம். இரண்டு புரி முறுக்கிய கயிறு மாதிரி... ஆனால் முனையே இல்லை, வளையம்! மூன்று வருசத்துக்கு முன், அறுபத்துமூன்றில்தான் இதைக் கண்டுபிடித்தார்களாம். புரிகள் பிரியுமாம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் புதுப்புரி ஒன்று வளருமாம். ஒரு வளையம் இரண்டாகி, ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு கிருமியும் இரண்டாகிவிடுமாம்.

கயிறு திரித்த கைக்கு இது பொறுக்குமா? முனை இல்லாமல் முறுக்கு எப்படிக் கழலும்? கேட்க வாய் உன்னியது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் கேட்டால் சனம் சிரிக்காதா? சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்த கையோடு கிணற்றுக் கயிற்றில் இரண்டு முழம் வெட்டினேன். ஒவ்வொரு புரியின் இரு நுனிகளையும் சேர்த்து முடிந்தேன். வளையம் தயார். புரிகளைப் பிரித்து இழுத்தால்... சங்கிலிக் கண்ணிகள் போல ஒன்றையொன்று விடமாட்டேன் என்றன!

அப்போதுதான் மனைவி வாளியோடு வந்தாள்.

“கயித்தை வெட்டிப்போட்டு விளையாட்டோ? கண்டுக்கு ஆர் தண்ணி விடுறது?”

விசயத்தைச் சொன்னேன். “பிரியுதில்லை, பாக்கியம்.”

“இதுக்கோ இவ்வளவு யோசினை?” கத்தியை எடுத்தாள். ஒரு வளையத்தை வெட்டி, மற்றதை விலத்தி எடுத்து, வெட்டிய இடத்தைத் திரும்ப முடிந்தாள். “இந்தாங்கோ, ரெண்டு. இனி என்ரை கயித்தைப் பொருத்தித் தாங்கோ.”

பழைய கயிறு ஒன்றை எடுத்து அதைச் செய்துவிட்டு, மிஞ்சிய துண்டில் அதே சங்கிலியைச் செய்து பையில் மறைத்துக்கொண்டு மாஸ்ரரிடம் போனேன். காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். இழுத்தும் பார்த்தார்.

“அண்ணை, அண்டைக்கே கேட்டிருக்கலாமே! உண்மையைச் சொன்னால் எனக்குத் தெரியாது. பெரிய படிப்புப் படிச்ச ஆக்களும் இதிலைதான் முழிச்சுக்கொண்டு நிக்கினம்.”

“என்ரை மனிசி... வெட்டித் திரும்ப முடியலாம் எண்டு சொல்லுறா, மாஸ்ரர்.”

இப்போது சிரித்தார். “கிருமிக்கு ஏது அண்ணை கத்தி?”

நானும் சேர்ந்து சிரித்துவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். பாதி வழியில்தான் கேட்கவேண்டியது நினைவுக்கு வந்தது.

கிருமியிடம் கத்தி இல்லை என்று யார் உள்ளே போய்ப் பார்த்தார்கள்?