சின்னம்மா ஓடையில் விட்ட மாத்திரைகள்

நான்காக மடித்த அந்தத் தாளைச் சின்னம்மா ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்து நீட்டியபோது அது வியர்வையில் நனைந்திருந்தது. மலைமேல் எங்கள் ஊர்களடங்கிய வளப்பூர் நாட்டிலிருந்து பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலையிறங்கி, அரசு மருத்துவமனையில் மூன்று மாத மாத்திரையையும் இந்தப் பரிசோதனைத் தாளையும் வாங்கிக்கொண்டு, அடிவாரத்தில் நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்திருந்தாள். "இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்குது, படிச்சுச் சொல்லு கண்ணு" என்றாள்.

அவள் என் அம்மாவின் தங்கை. கல்லுடைக்கும் வேலைக்கு வெளியூர் போன சித்தப்பா எச்.ஐ.வி.யோடு திரும்பி வந்து, அதை இவளுக்கும் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மலையில் இது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். மிளகு டப்பாவின் அடியில் மாத்திரையை ஒளித்து வைத்து, நான்கு வருடமாக ஒருநாள் தவறாமல் விழுங்கி வந்தாள். யாராவது பார்த்துவிட்டால் சத்து மாத்திரை என்பாள்.

தாளைப் பார்த்தேன். அவள் ரத்தத்தில் கிருமி கருவிக்குத் தட்டுப்படவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "போயிருச்சுங்க சின்னம்மா! ஒண்ணுமே இல்லீங்க!" என்று கத்தினேன். என் வாயில் என்ன சனியன் உட்கார்ந்திருந்ததோ! நான் படித்தவள். அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவள். ரத்தத்தில் தென்படவில்லை என்பதுதான் அர்த்தம், உடம்பை விட்டுப் போய்விட்டது என்பதல்ல. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது பாதி உண்மை போதும் என்று தோன்றிவிட்டது. அவள் அங்கேயே அழுதாள். கொண்டு வந்திருந்த பலாச்சுளைப் பொட்டலத்தை என் மடியில் வைத்து, "இனி இந்தப் பஸ்ஸு வேண்டாஞ் சாமி" என்றாள். நான் சிரித்தேன். பஸ்ஸில் வாந்தி எடுத்த அலுப்பில் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோய் தீர்ந்துவிட்டால் மிச்ச மருந்தை வீட்டில் வைக்கமாட்டார்கள். வைத்திருந்தால் நோய் அதைத் தேடிக்கொண்டு திரும்பி வரும் என்பார்கள். மருந்தை ஓடுகிற தண்ணீரில் விட்டு, தலைக்குக் குளித்து, சாமிக்கு ஒரு சேவல் அறுப்பார்கள். மறுநாள் காலையில் சின்னம்மா மூன்று மாத மாத்திரையையும் ஓடையில் கொட்டினாள். சேவலை மட்டும் அறுக்கவில்லை. எதற்கென்று அக்கம்பக்கம் கேட்பார்களே!

மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோதெல்லாம் "அடுத்த வாரம் வாரேனுங்க" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாள். எனக்கு எதுவும் தெரியாது. ஏழெட்டு மாதம் கழித்து அவளை ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்தார்கள். நெஞ்சுக்கூடு துருத்திக்கொண்டு, இருமலோடு, காசநோய் முற்றிப்போய் வந்தாள். மறுபடி மாத்திரை ஆரம்பித்தார்கள். உடம்பு அதற்குள் தோற்றிருந்தது.

"இல்லைன்னியே கண்ணு, அப்ப எங்கதான் இருந்துச்சு அது?" என்று வார்டில் என்னைக் கேட்டாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அப்போதுதான் சொன்னேன். மாத்திரை கிருமியைப் பெருக விடாமல் தடுக்கும், அவ்வளவுதான். உடம்பைக் காக்கிற சில அணுக்களுக்குள் அது நுழைந்து, அவற்றின் மரபணுவிலேயே தன்னைச் சேர்த்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் தூங்கும். தூங்குகிறதை மாத்திரை தொடாது. வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே எழுந்து பெருக ஆரம்பிக்கும்.

சின்னம்மா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அட, நம்ம காட்டுக் கோரையாட்ட. மேல எவ்வளவு களை எடுத்தாலும் கிழங்கு அடியில கெடக்குமே" என்றாள். பிறகு, "இத அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே சாமி" என்றாள். ஐயோ, எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா வந்தாள். வந்ததும் வராததுமாகத் தங்கையைப் பிடித்து உலுக்கினாள். "மாத்திரைய நிறுத்தச் சொல்லி எவடி சொன்னா உனக்கு? சொல்லு!" நான் கட்டில் பக்கத்தில் கஞ்சி டம்ளரோடு நின்றிருந்தேன். சின்னம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். "யாருஞ் சொல்லலீங்கக்கா. நானாத்தான் நிறுத்துனேன்" என்றாள். நான் கஞ்சியை ஆற்ற ஆரம்பித்தேன். அந்த வாரம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

இப்போது என்னிடம் தாளை நீட்டுகிற ஒவ்வொருவரிடமும் கோரையைப் பற்றிச் சொல்கிறேன். தூங்குது, போகலைங்க, மாத்திரையை விட்டுடாதீங்க என்று அவர்கள் சலித்துக்கொள்கிற அளவுக்குச் சொல்கிறேன். எல்லோரிடமும் சொல்ல முடிகிறது, அம்மாவிடம் மட்டும் முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் சின்னம்மாவின் திதியன்று இலை போட்டுவிட்டு அம்மா அவளைத் திட்டித் தீர்ப்பாள். "படிச்ச புள்ள நீ இருந்தே, உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா உசுரோட இருந்திருப்பா. கேட்டாளா பாரு, புத்தி கெட்டவ!"

"ஆமாங்கம்மா" என்கிறேன் நான்.