சிவப்பு வட்டத்துக்கு வெளியே

கடலில் எண்ணெய் தேடும் கம்பெனியில் மக்கள் தொடர்பு வேலை என்றால், கப்பலில் இருப்பவர்கள் செய்வதற்கெல்லாம் கரையில் நின்று பதில் சொல்வது. வங்கியிலோ மின்சார ஆபீசிலோ கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து திட்டு வாங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். எனக்கு ஆபீஸ் திண்டிவனம், வீடு விழுப்புரம், திட்டு மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பத்தில்.

படம்

முதல் கூட்டம் குப்பத்துச் சமுதாயக் கூடத்தில். கப்பல் வந்து கடலடியை ஆராயும், முடிகிறவரை வரைபடத்தில் சிவப்பு வட்டம் போட்ட இடத்தில் மட்டும் வலை விட வேண்டாம், ஆமைக்குக்கூடப் பாதிப்பு வராது, கப்பலைச் சுற்றிலும் கேமரா இருக்கிறது என்று திரையில் படம் காட்டி விளக்கினேன். திண்டிவனம் மார்க்கெட்டில் மீன் விற்கும் கஸ்தூரி மட்டும் எழுந்தார்.

“படத்துல கப்பல் கீது, ஆமை கீது. எங்களத்தான் காணோம் மேடம்.”

ஈர வலை

கஸ்தூரியின் கணவர் ஏழுமலை வட்டத்துக்கு வெளியேதான் வலை விட்டிருந்தார். கடலடியை ஆராயக் கப்பல் பின்னால் இழுத்துவந்த நீளமான கேபிள் அதை அறுத்துவிட்டது. மிச்சத்தை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆபீசுக்கு வந்து, என் மேஜைக்கு முன்னால் போட்டார். ஈரம் காயவில்லை. வட்டத்துக்கு வெளியே அறுந்ததற்கு என்ன ஆதாரம் என்று மேனேஜர் கேட்கச் சொன்னார். கேட்டேன். ஏழுமலை வலையை உதறி, அறுந்த இடத்தை என் பக்கம் திருப்பினார்.

“கப்பல்ல கேமரா கீதுன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க. அதக் கேளுங்க.”

திறப்பு விழா

கேமராப் பதிவு கேட்டு சென்னைக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன். அது வரவில்லை, கம்பெனி செலவில் குப்பத்துக்குக் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வந்தது. நல்ல தண்ணீர்தான், குறை சொல்ல முடியாது.

திறப்பு விழா அன்று காலை பெரிய ஆமை ஒன்று செத்துக் கரை ஒதுங்கிக் கிடந்தது. எதனால் செத்தது என்று யாருக்கும் தெரியாது. பரிசோதனைக்கு முன்பே, அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லும்படி எனக்கு உத்தரவு. சொன்னேன். நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான். திண்டிவனத்திலிருந்து வந்த கல்யாண போட்டோகிராபர், மேனேஜரின் தோளைப் பிடித்து வேறு பக்கம் திருப்பினார்.

“பின்னாடி கடல் வேணாம் சார், படத்துல ஆமை விழுது.”

பிளாட்பாரம்

ஒரு சாயங்காலம் விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கியபோது ஏழுமலை பையோடு நின்றிருந்தார். இரவல் வலையில் ஓட்டிப் பார்த்தாராம், முடியவில்லை. மங்களூரில் யாருடைய போட்டிலோ கூலிக்குப் போகிறார். மார்க்கெட்டை விட்டுவிட்டுக் கஸ்தூரியால் வழியனுப்ப வர முடியவில்லை. வலைக்காக இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அன்று எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

“மங்களூர் பக்கமும் உங்க கம்பெனி வருமா மேடம்?”

புது வலை

ஒரு வழியாகக் கேமராப் பதிவு வந்தது. ஏழுமலை சொன்னதுதான் சரி. புது வலையைக் கம்பெனி வண்டியில் நானே கொண்டுபோனேன். கஸ்தூரி கூடை கழுவிக்கொண்டிருந்தார். ஏழுமலையைத் திரும்பக் கூப்பிட்டுவிடுங்களேன் என்றேன். சீசன் முடியாமல் போட்டுக்காரர் அனுப்ப மாட்டாராம். கஸ்தூரி கையைத் துடைத்துக்கொண்டு வலையைத் தொட்டுப் பார்த்தார். நல்ல வலை என்று அவரே சொன்னார்.

“வலையக் கொண்டாந்துட்டீங்க மேடம். வலை விடறவர அனுப்பி வச்சிட்டீங்களே.”

எண்ணெய் போதாது என்று கம்பெனி மூட்டை கட்டிவிட்டது. அது பொறுப்பில்லாத கம்பெனி என்று நான் சொல்ல மாட்டேன், பொறுப்பு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.