ஜமேக்காக்காரிக்கு எதிராக ஒரு கடிதம்

கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் சாலட் பொதி செய்த தொழிற்சாலையில் மேலாளர் அடிக்கடி சொல்வார், தமிழர்கள் நல்ல வேலைக்காரர்கள், வாய் திறக்கமாட்டார்கள் என்று. அதைப் பாராட்டு என்று நினைத்துப் பல வருடம் உச்சி குளிர்ந்து போயிருந்தேன். மாட்டையும் இப்படித்தான் புகழ்வார்கள் என்று எனக்கு உறைக்கவேயில்லை.

வாய் திறந்தவள் எங்கள் வரிசையில் நின்ற ஜமேக்காக்காரி. குளிரறையில் நாள் முழுக்க நிற்கும் நாங்கள் கழிப்பறைக்குப் போவதற்கும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. இது என்ன நியாயம் என்று அவள் எல்லோருக்குமாகக் கேட்டாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. மறுநாள் அவளை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள்.

அதற்கடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் மேலாளர், அவளை நிறுத்தியதற்குச் சாட்சியாக ஒரு கடிதத்தோடு வந்தார். அவள் கத்தினாள், அடிக்க வந்தாள், எங்களுக்குப் பயமாக இருந்தது என்று அதில் எழுதியிருந்தது. முதல் கையெழுத்து என்னுடையது. அகதிக் கோரிக்கைக் காலத்தில் நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்து வைத்துப் பழகிய கை என்று பிறகு சாட்டுச் சொன்னேன். பொய். வாசித்துவிட்டுத்தான் வைத்தேன்.

அடுத்ததாகத் தாள் போனது என் பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண்ணிடம். மில்லிக்கனில் ஒரு பேஸ்மெண்டில் மகளோடு தனியாக இருக்கிறவள், ஏஜென்சி மூலம் வேலைக்கு வருகிறவள். அடுத்த நிரந்தர வேலை அவளுக்குத்தான் என்று மேலாளர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் மகளின் ஆஸ்துமா மருந்துக்குக் கம்பனிக் காப்புறுதி வரும்.

அவள் பேனையைத் தொடவில்லை. தனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, உரக்க வாசித்துக் காட்டுங்கள் என்றாள். மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறவள்! மேலாளர் முதல் வரியை வாசித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்குக் கேட்கவில்லையே என்றாள். அடுத்த வரிக்கு, நான் காணவில்லையே என்றாள். மூன்றாவது வரியில், தானும் எதையும் கேட்கவில்லை, காணவில்லை என்று ஒரு பிலிப்பீன்ஸ் பெண் எழுந்தாள். பிறகு இன்னும் இரண்டு பேர். மேலாளர் காது சிவக்கக் கடிதத்தை மடித்துக்கொண்டு போனார்.

"உமக்கென்ன விசரே? பேமனன்ற் வேலை போகப்போகுது," என்றேன்.

"தெரியும் அக்கா. கறுப்புப் பொம்பிளை கத்தினவ எண்டால் எல்லாரும் நம்புவினம். தமிழாக்கள் சொன்னால் இன்னும் நம்புவினம். அதுக்குத்தானே எங்களிட்டை வாறாங்கள்."

"பிள்ளையின்ரை மருந்துக்கு என்ன செய்வீர்?"

"இப்ப செய்யிறதைத்தான்."

சாட்சிக் கடிதம் இல்லாமல் அவளை நிறுத்திவைக்க முடியவில்லை; ஜமேக்காக்காரி அடுத்த கிழமை வேலைக்குத் திரும்பினாள். கழிப்பறைக்குப் போக இப்போது யாரும் அனுமதி கேட்பதில்லை. நிரந்தர வேலை மட்டும் வேறொருவருக்குப் போய்விட்டது. அந்தத் தங்கச்சியைப்போல ஒரு துணிச்சல்காரியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என் பங்கு சின்னது. கடிதம் வந்த அன்று பின்னேரமே மேலாளரின் அறைக்குப் போய், என் பெயரை வெட்டிவிடுங்கள் என்றேன். பிக்கரிங்கில் சொந்த வீடு, நிரந்தர வேலை, சம்பளத்தோடு ஒரு கணவர், எல்லாம் இருக்கிற எனக்கு அந்த ஒரு வசனத்தைச் சொல்ல, அவருடைய கதவுவரை மூன்று தரம் போய்த் திரும்ப வேண்டியிருந்தது.