ஆசிட் தொட்டிக் கணக்கு

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் எனக்குக் கெமிஸ்ட் வேலை. சூளையிலிருந்து வரும் பொம்மைகளில் துருக்கறை இருந்தால் ஆசிட் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். அதன் அடர்த்தி ஐந்து சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். கேனில் வருவது முப்பத்து மூன்று. புகைக்குப் பயந்து, நீல டிரம்மில் பாதி தண்ணீர் நிரப்பி, மீதிக்குக் கேனைக் கவிழ்ப்பது எங்கள் வழக்கம். அது என் வேலை. டிரம்மிலிருந்து ஒரு ஜக்கு ஆசிட்டுக்கு இரண்டு ஜக்கு தண்ணீர் என்று சுவரில் எழுதியும் வைத்திருந்தேன்.

அன்று லோடு அனுப்பும் அவசரம். காலி டிரம்மில் கேனைக் கவிழ்த்துவிட்டேன். படித்த முட்டாள் நான்.

கலக்குகிறவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சுவரில் இருந்தபடியே கலந்தார். பொம்மை முக்குவது அவர் மனைவி. கிழிந்த கையுறையோடு தொட்டியில் கைவிட்ட அந்த அம்மாள் அலறிய அலறலில் சூளைக்காரர்கள் ஓடிவந்தார்கள். குழாயடியில் பிடித்த கைகளில் தோல் வெந்து சுருங்கியிருந்தது.

ஓடிவந்தவர்களில் அந்த அம்மாளின் அண்ணனும் ஒருவன்.

"எந்தங்கச்சி கையில ஏண்டா ஆசிட்ட ஊத்துன?"

இரும்புக் கம்பியால் மச்சான் தோளில் இறக்கினான். விழுந்தவரைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினான். ஒருமுறை, இருமுறை. அவர் தடுக்கக்கூட இல்லை. மண்டை சுவரில் மோதிய சத்தத்தில்தான் எனக்குக் கணக்கு விளங்கியது: முப்பத்து மூன்றில் மூன்றில் ஒரு பங்கு, பதினொன்று. டிரம்மில் பாதிக்கு ஊற்ற வேண்டிய தண்ணீரை நான் ஊற்றவில்லை. வாயைத் திறந்தால் அடுத்த அடி எனக்கு. திறக்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பழி அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மாளை முதலாளி காரில் ஏற்றிக்கொண்டு போனார். அடிபட்டவரை என் வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். என் சட்டை முதுகெல்லாம் அவர் ரத்தம். வாசலில் இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு ஜக்கு ஊத்துனேனா, ஒண்ணோட வுட்டுட்டேனான்னு நெனச்சி நெனச்சி பாக்குறேன், ஞாபகம் வரல சார். நாந்தான் எங்கயோ தப்பா எண்ணிட்டேன். அவ கையே போச்சு சார்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அங்கே கம்பி இல்லை, அந்த அண்ணன்காரன் இல்லை.

"இனிமேலாவது பாத்து எண்ணி ஊத்துங்கண்ணே" என்றேன்.